கிளாரன்ஸ் கிளெமன்ஸ்: கிதார்களுக்கு நடுவே ஒரு சாக்ஸபோன்

1942-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பிறந்த கிளாரன்ஸ் கிளெமன்ஸ், ஒன்பது வயதில் கிறிஸ்துமஸுக்கு ரயில் பொம்மை கேட்டார். அப்பா கொடுத்ததோ ஆல்ட்டோ சாக்ஸபோன்! பின்னர் கிங் கர்ட்டிஸின் வாசிப்பைக் கேட்டு டெனருக்கு மாறினார். அமெரிக்கக் கால்பந்துக் கனவை ஒரு கார் விபத்து கலைத்தது. 1972-ல் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் குழுவில் சேர்ந்தார்.

மின்கிதார் சத்தத்தில் டெனர் எளிதில் அமுங்கிவிடும். இங்கேதான் மவுத்பீஸ் முக்கியமாகிறது. அதன் உட்புறம் மேடாகிக் காற்றுவழி குறுகினால் ஒலி கூர்மையாகும், அகன்றிருந்தால் மென்மையாகும். அதனால் ராக் கலைஞர்கள் பலர் பெர்க் லார்சன் போன்றவற்றை நாடினார்கள்.

ஆனால் மவுத்பீஸ் மட்டும் போதாது. 1975-ல் வெளிவந்த 'ஜங்கிள்லேண்ட்' பாடலின் சாக்ஸபோன் பகுதிக்காக இருவரும் 16 மணி நேரம் உழைத்தார்கள். 2011-ல் பக்கவாதத்தால் கிளெமன்ஸ் மறைந்தார். 2012-ல் அவர் இடத்தில் நின்று ஊதியவர், அவருடைய அண்ணன் தம்பி வழிப் பிள்ளை ஜேக் கிளெமன்ஸ்.