காற்றாலைச் சுழலியின் கணித மாதிரி

காற்றாலைச் சுழலியின் கணித மாதிரி என்பது, சுழலும் இறக்கைகள் காற்றிலிருந்து பெறும் திறன், முறுக்குவிசை, அவை தாங்கவேண்டிய சுமை ஆகியவற்றைச் சமன்பாடுகளால் கணிக்கும் முறையாகும். மின்னாக்கும் காற்றாலைகளுக்கும் நீர் இறைக்கும் காற்றாலைகளுக்கும் இது பொதுவானது. விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் உள்ள ஆரோவில்லில் அமைக்கப்பட்ட பல இறக்கைக் காற்றாலைகள் இரண்டாம் வகையின. அங்குள்ள ஆரேகா பட்டறை ஏவி-55 என்னும் இறைப்புக் காற்றாலையை உருவாக்கியது.

அடிப்படைச் சமன்பாடு

காற்றின் திறன் = ½ × காற்றின் அடர்த்தி × இறக்கைகள் சுழலும் வட்டத்தின் பரப்பு × வேகத்தின் முப்படி

இத்திறன் முழுவதையும் எடுக்க இயலாது. எடுத்தால் சுழலிக்குப் பின்னால் காற்று நின்றுவிடும். எடுக்கக்கூடிய உச்ச அளவு 16/27, அதாவது சுமார் 59.3 விழுக்காடு என்று செருமானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்சு 1920 இல் காட்டினார்.

5 மீட்டர் விட்டமுள்ள சுழலியின்மேல் விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் காற்று வீசினால், அதிலுள்ள திறன் சுமார் 730 வாட்டு. பெட்சு எல்லை 430 வாட்டு. நடைமுறையில் 30 விழுக்காடு, அதாவது 220 வாட்டு கிடைப்பதாகவும், எக்கியில் மூன்றில் ஒரு பங்கு வீணாவதாகவும் கொண்டால், 20 மீட்டர் ஆழத்திலிருந்து மணிக்கு ஏறத்தாழ 2,700 லிட்டர் நீர் இறைக்கலாம். வேகம் 5 மீட்டரானால் திறன் கிட்டத்தட்ட இரட்டிக்கும்.

இறக்கைகளின் எண்ணிக்கை

இறக்கைகள் மிகுந்தால் திறனும் மிகும் என்பது பரவலான எண்ணம், அது சரியன்று. எண்ணிக்கையை முடிவு செய்வது பெரும்பாலும் முனைவேக விகிதமே. இது இறக்கை நுனியின் வேகத்தைக் காற்றின் வேகத்தால் வகுத்துப் பெறும் எண். கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தலில் உள்ளவை போன்ற மூன்று இறக்கை மின்னாக்கிகளில் இது பொதுவாக 6 முதல் 8 வரை. இறைப்புக் காற்றாலைகளில் 1 அல்லது 2 மட்டுமே. திறன் என்பது முறுக்குவிசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வருவது. ஆகவே ஒரே திறனுக்கு மெதுவாகச் சுழலும் சுழலியே மிகுந்த முறுக்குவிசை தரும்.

பிஸ்டன் எக்கிக்கு அதுவே தேவை. ஒற்றைச் செயல் எக்கி, தண்டு மேலேறும்போது மட்டுமே நீரைத் தூக்குகிறது. எனவே உச்ச முறுக்குவிசை, சராசரியைப்போல் பை (3.14) மடங்காகும். நின்றிருக்கும் சுழலி புறப்பட இந்த உச்சத்தை வெல்லவேண்டும். கணக்கில் சராசரியை மட்டும் எடுத்துக்கொண்ட வடிவமைப்பு, தாளில் நீர் இறைக்கும், வயலில் இறைக்காது.

இறக்கையின் வடிவைக் கணிக்க, அதை நீளவாக்கில் சிறு துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றின் மீதும் செயற்படும் ஏற்றவிசையையும் இழுவையையும் தனித்தனியே கண்டு கூட்டுவர். நுனித்துண்டு வேகமாகவும் அடித்துண்டு மெதுவாகவும் செல்வதால் காற்று அவற்றை வெவ்வேறு கோணங்களில் சந்திக்கிறது; இறக்கை முறுக்கப்பட்டிருப்பது இதனாலேயே.

இடத்தின் காற்று

கடற்காற்று பிற்பகலில் வலுத்து இரவில் தணியும். மரக்காணம் கடற்கரையில் உணரப்படும் அதன் வேகம், உள்நாட்டிலுள்ள திண்டிவனத்தை அடைவதற்குள் மரங்களாலும் கட்டிடங்களாலும் குறையும். வேகம் இவ்வாறு ஏறியிறங்குவதால் சராசரி வேகத்தை மட்டும் சமன்பாட்டில் இடுவது தவறாகும். வேகங்கள் ராலே பரவலில் அமைந்தால், உண்மையான சராசரித் திறன் அவ்வாறு கணித்ததைவிட 1.9 மடங்கு இருக்கும்.

புயற்சுமையும் மாதிரியில் இடம்பெறவேண்டும். 2011 திசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. உந்துவிசை வேகத்தின் இருபடியைப் பொறுத்து வளர்வதால், விநாடிக்கு 10 மீட்டரிலிருந்து 40 மீட்டராக வேகம் உயர்ந்தால் சுமை 16 மடங்காகும். இதனைத் தவிர்க்க, கடுங்காற்றில் சுழலியைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் வால் அமைப்பு இறைப்புக் காற்றாலைகளில் பொருத்தப்படுகிறது.