ஞாயிறும் பச்சைப் பூசணமும்



நாஞ்சில் நாட்டில் என் பாட்டனாருக்குச் சிறியதொரு வாழைத் தோட்டம் இருந்தது. ஓர் ஆண்டு, குலை தள்ளும் பருவத்தில், ரஸ்தாளி மூடுகள் சிலவற்றின் கீழ் இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளித்து, காம்பு ஒடிந்து, தண்டைச் சுற்றித் தொங்கின. பாட்டனார் ஒரு மூட்டை அரிவாளால் பிளந்து காட்டினார். உள்ளே செம்பழுப்புக் கோடுகள் ஓடின. "இது மண்ணிலே இருக்கிற நோவு மக்களே, இனி இந்த இடத்திலே வாழை நிற்காது" என்றார். மறு ஆண்டு நட்ட கன்றுகளும் வாடிப்போயின. மண்ணில் புகுந்த நோயை வெளியேற்ற வழியே இல்லையா? இக்கேள்விக்கு மனிதன் விடை தேடிய வரலாற்றையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

அந்த நோவுக்குக் காரணம் ஃபுசேரியம் என்னும் பூசணம். பயிர் இல்லாத காலத்திலும் அதன் உறங்கும் வித்துக்கள் பல்லாண்டுகள் மண்ணில் உயிரோடிருக்கும். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மத்திய அமெரிக்காவின் வாழைத் தோட்டங்களைப் பாழாக்கியதும் இதுவே. நம் நாட்டில் பட்லர் என்னும் அறிஞர் 1910-இல் துவரையின் வாடல் நோயை ஆராய்ந்து எழுதினார். பின்னர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் டி. எஸ். சதாசிவன் அவர்களும் மாணவர்களும் பருத்தி வாடலை ஆராய்ந்து புகழ் பெற்றனர். பகைவன் இன்னான் என்பது தெரிந்தது. அவனை வெல்வது எவ்வாறு?

முதல் துணை கதிரவன். ஒரு பலம் புழுதி கால் பலமாகுமாறு உழுது காயவிட்டால், ஒரு பிடி எருவுமின்றிப் பயிர் செழிக்கும் என்ற கருத்தை வள்ளுவர் உழவு அதிகாரத்தில் வைத்தார். அவர் பேசியது விளைச்சலைப் பற்றி. ஆயினும் கோடை உழவின் அருமையைத் தமிழர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர் என்பதற்கு அது சான்று. 1930-களில் பஞ்சாபில் லூத்ரா என்பார், கோதுமை விதையை நீரில் ஊறவைத்து, கடும் வெயிலில் காயவைத்து, அதனுள் இருந்த கரிப்பூட்டை நோயை ஒழிக்கும் முறையைக் கண்டார். 1976-இல் இஸ்ரேல் நாட்டுக் காட்டான் என்னும் அறிஞரும் துணைவர்களும் வெயிலை மண்ணுக்குள்ளேயே செலுத்தும் வழியை வெளியிட்டனர். நிலத்தை நனைத்து, ஒளி ஊடுருவும் மெல்லிய பாலிதீன் தாளை அதன்மேல் விரித்து, ஓரங்களை மண்ணால் மூடி, நான்கு முதல் ஆறு வாரம் விடவேண்டும். மேல்மண்ணின் வெப்பம் 45 பாகை சென்டிகிரேடுக்கு மேல் ஏறும். ஈரத்தில் விழித்துக்கொள்ளும் நோய் வித்துக்கள் அவ்வெப்பத்தில் மடியும், அல்லது நலிவடையும்.

இரண்டாம் துணை ஒரு பூசணம். பச்சை நிற வித்துக்களையுடைய இதற்கு 1794-இல் பெர்சூன் என்பார் டிரைக்கோடெர்மா என்று பெயரிட்டார். ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகள் கழித்து, 1932-இல், வைண்ட்லிங் என்பவர் இது நோய்ப் பூசணத்தின் இழைகளைச் சுற்றிப் பின்னி, அவற்றை உணவாக்கிக் கொள்வதைக் கண்டார். முள்ளை முள்ளால் எடுப்பதென்பது இதுவன்றோ!

1980-இல் காட்டானும் தோழர்களும் இவ்விரண்டையும் இணைத்தனர். அதன் உட்பொருளைக் கவனியுங்கள். மெத்தில் புரோமைடு போன்ற நச்சுப்புகை மண்ணில் நல்லது கெட்டது யாவற்றையும் கொன்றது. அவ்வாறு காலியான மண்ணில் பகைவன் மீண்டும் எளிதில் குடியேறினான். ஓசோன் படலத்தையும் கெடுத்ததால், 2015-க்குள் வளரும் நாடுகளிலும் அதை மண்ணுக்குப் பயன்படுத்துவதைக் கைவிட உலக நாடுகள் உடன்பட்டன. வெயிலோ பகைவனைத் தளர்த்துகிறது. நல்ல பூசணம் அவ்விடத்தில் குடியேறிக் காவல் நிற்கிறது. மண்ணை வெறுமையாக்குவதன்று, தக்க குடிகளை அங்கே அமர்த்துவதே வைத்தியம்.

நம் மாவட்டத்தில் கும்பப்பூ அறுவடைக்குப் பின், பங்குனி, சித்திரை வெயிலே இதற்கு ஏற்ற காலம். வைகாசிக் கடைசியில் பருவமழை வந்துவிட்டால் வாய்ப்புப் போயிற்று. காய்கறி நாற்றங்காலுக்கு இம்முறை மிகப் பொருத்தம். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் டிரைக்கோடெர்மாவை டால்க் பொடியில் கலந்து உருவாக்கியது. ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் போதும். ஏக்கர்க் கணக்கில் நஞ்சு தெளிக்க வேண்டியதில்லை.

ஆயினும் உண்மையை மறைக்கலாகாது. வெயிலின் சூடு மேல்மண்ணோடு நின்றுவிடும். வாழை வேர்களோ அதற்குக் கீழும் செல்லும். எனவே நோயற்ற கன்று, பயிர் மாற்றம், தொழு உரத்தோடு இட்ட நல்ல பூசணம் ஆகிய யாவும் சேர்ந்தே காக்கவேண்டும். பாட்டனாரின் சொல் இன்றும் முழுதும் பொய்யாகிவிடவில்லை. ஆனால் அவருக்கு அன்று கைவிடுதல் ஒன்றே வழியாக இருந்தது. நமக்குப் போராடும் வழிகள் உள்ளன. எஞ்சியதை மண்ணை நேசிக்கும் உங்களுள் ஒருவர் கண்டறியட்டும்.