ஒரே சிகிச்சை, மூன்று ஊர்: மனநல ஆய்வில் அமைப்புகள் கைகோர்த்தால் என்ன கிடைக்கும்?

இந்தியாவில் மனநலப் பிரச்சினை உள்ளவர்களில் பெரும்பாலானோருக்குச் சிகிச்சையே கிடைப்பதில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு (2015-16), நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வெளியே இருப்பதாகச் சொல்கிறது.

மனநல மருத்துவர்கள் போதாது என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியானால், உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து நோயாளியின் வீட்டுக்கு அனுப்பினால் பலன் இருக்குமா? இந்தக் கேள்விக்கு விடை தேடிய ஆய்வுதான் 'காப்சி'. அதன் முடிவுகள் 2014-ல் 'தி லான்செட்' மருத்துவ இதழில் வெளியாயின.

யார் யார் சேர்ந்தார்கள்?

தமிழ்நாட்டில் 'ஸ்கார்ஃப்' (மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984-ல் சென்னையில் தொடங்கிய அமைப்பு), கோவாவில் 'சங்காத்', மகாராஷ்டிராவின் சத்தாராவில் உள்ளூர் அமைப்புகள். இவர்களோடு லண்டனின் இரண்டு கல்வி நிறுவனங்களைச் சேர்ந்த ஆய்வாளர்களும் இருந்தார்கள். நிதி கொடுத்தது பிரிட்டனின் வெல்கம் டிரஸ்ட்.

என்ன செய்தார்கள்?

மனச்சிதைவு நோய் உள்ள 282 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 95 பேருக்கு வழக்கமான மருத்துவமனை சிகிச்சை. 187 பேருக்கு அதோடு சேர்த்து, பயிற்சி பெற்ற சமூகப் பணியாளரின் உதவியும் கிடைத்தது. மாத்திரையை விடாமல் சாப்பிட வைப்பது, குடும்பத்துக்கு நோயைப் புரியவைப்பது, அரசு உதவிகளை வாங்கித் தருவது, வேலைக்குத் திரும்பத் துணை நிற்பது எல்லாம் அந்தப் பணியாளரின் பொறுப்பு.

மூன்று ஊரிலும் அளவுகோல் ஒன்றேதான். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது தெரியாதவர்களே 12 மாதம் கழித்து மதிப்பெண் போட்டார்கள். தன் திட்டத்துக்குத் தானே மார்க் போட்டுக்கொள்ளும் வேலை இங்கே நடக்கவில்லை.

முடிவு என்ன?

நோயின் தீவிரத்தைக் காட்டும் மதிப்பெண் 30-லிருந்து 210 வரை போகும். கூடக்கூட நோய் கடுமை. மூன்று ஊரையும் சேர்த்துப் பார்த்தால், சமூகப் பணியாளர் உதவி பெற்றவர்களின் மதிப்பெண் சராசரியாக 3.75 புள்ளிதான் குறைவு. இது தற்செயலாகக்கூட வந்திருக்கலாம் என்பதை ஒதுக்க முடியாது. ஆனால் அன்றாட வாழ்க்கையை முடக்கும் இயலாமை ஓரளவு தெளிவாகவே குறைந்தது.

தமிழ்நாட்டுத் தரவை மட்டும் தனியே எடுத்தால் கதை வேறு. இங்கே வித்தியாசம் 9.29 புள்ளி. சேவைகள் அரிதாக உள்ள கிராமப்புறம் போன்ற இடங்களில், முதல் கட்டச் சேவையாகத் தொடங்கவே இந்த முறை பொருத்தம் என்று ஆய்வாளர்கள் முடித்தார்கள்.

இதில் கூட்டணிக்கு என்ன பங்கு?

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். தமிழ்நாட்டில் மட்டும் ஆய்வு நடந்திருந்தால், 'எல்லா ஊருக்கும் சூப்பர் தீர்வு' என்று செய்தி வந்திருக்கும். சராசரியை மட்டும் வெளியிட்டிருந்தால், 'பெரிய பலன் இல்லை' என்று ஒரு நல்ல திட்டத்தை மூடியிருப்பார்கள். இரண்டுமே தவறான முடிவு. மூன்று ஊரும் சேர்ந்ததால்தான், 'பலன் உண்டா?' என்ற கேள்வி 'எங்கே பலன் உண்டு?' என்று மாறியது. கையில் உள்ள பணத்தை எந்த ஊரில் முதலில் செலவிடுவது என்று யோசிக்கும் அதிகாரிக்குத் தேவையானது இரண்டாவது கேள்வியின் பதில்தான்.

கூட்டு ஆய்வு தொடங்குபவர்கள் கவனிக்க வேண்டியவை

• எதை, எப்போது, எந்த அளவுகோலில் அளப்பது என்பதை முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள்.

• வேலையைப் பலத்தின்படி பிரியுங்கள். ஊரையும் மொழியையும் தெரிந்தவர் களத்தில், புள்ளியியல் தெரிந்தவர் கணக்கில்.

• சிகிச்சை தருபவரும் மதிப்பிடுபவரும் ஒருவராக இருக்கக் கூடாது.

• தரவு யாருக்குச் சொந்தம், கட்டுரையில் யார் பெயர் வரும் என்பதை ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். களப்பணி செய்த உள்ளூர் அமைப்பு கடைசியில் நன்றியுரையில் மட்டும் இடம்பெறுவது கூட்டணி இல்லை. 'காப்சி' கட்டுரையில் ஸ்கார்ஃபின் ஆர். தாராவும் ஓர் ஆசிரியர்.

• ஊருக்கு ஊர் முடிவு மாறினால் மறைக்காதீர்கள். அடுத்த திட்டத்துக்கு வழி காட்டப்போவது அந்த வித்தியாசம்தான்.