சாட்சி சொன்ன பெண்கள்: பெண் குருவும் துப்பறியும் கதையும்

தியானப் பகுதி: லூக்கா 24:1-12



சில வாரங்களுக்கு முன் நம் சபையின் மூத்த தாயார் ஒருவர் ஆயர் இல்லத்துக்கு வந்திருந்தார். என் மேசையில் வேத வியாக்கியானங்களுக்கு நடுவே கிடந்த ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டிவிட்டு, "ஐயா, இது கொலைக் கதை அல்லவா? ஆயர் இதை வாசிக்கலாமா?" என்று கேட்டார். நான் சிரித்தபடி, "அம்மா, இந்தக் கதையில் துப்புத் துலக்குவதே ஒரு ஆயர்தான். அதிலும் ஒரு பெண் ஆயர்" என்றேன். அவர் புத்தகத்தை மெதுவாக மேசையில் வைத்தார். "அப்படியானால் அந்த அம்மா சொல்வதை யாராவது நம்புகிறார்களா?" என்று கேட்டுவிட்டு விடைபெற்றார்.

அவர் வேடிக்கையாகக் கேட்டாரா, வேதனையோடு கேட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டு அகலவில்லை. ஆகவே இவ்வாரம் அந்தக் கதைகளின் வரலாற்றையும், அதற்குப் பின்னே நிற்கும் திருச்சபையின் வரலாற்றையும் உங்களோடு சேர்ந்து எண்ணிப்பார்க்க விரும்புகிறேன்.

துப்பறியும் கதைக்கும் வேதத்துக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதைவிட நெருக்கமானது. ஆங்கில எழுத்தாளர் டாரதி எல். சேயர்ஸ் 1928-இல் துப்பறியும் கதைகளைத் தேர்ந்து ஒரு பெருந்தொகுப்பை வெளியிட்டார். அதில் மிகப் பழைய முன்மாதிரிகளாக அவர் சேர்த்தவற்றுள் சூசன்னாளின் வரலாறும் ஒன்று. சீர்திருத்த சபையாராகிய நம் வேதாகமத்தில் இடம்பெறாத, தானியேல் ஆகமத்தோடு சேர்ந்த இணைப்புப் பகுதி அது. மூப்பர் இருவர் ஒரு குற்றமற்ற பெண்மேல் விபசாரப் பழி சுமத்துகிறார்கள். மூப்பரின் வார்த்தை ஆயிற்றே என்று சபை முழுவதும் நம்பிவிடுகிறது. அவளைக் கொலைக்களத்துக்குக் கொண்டுபோகும் வேளையில் இளைஞனாகிய தானியேல் குறுக்கிடுகிறான். இருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தின் கீழ் அதைக் கண்டீர்கள் என்று விசாரிக்கிறான். ஒருவர் ஒரு மரத்தைச் சொல்ல, மற்றவர் வேறொரு மரத்தைச் சொல்ல, பொய் வெளிப்படுகிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சூசன்னாள் முதலிலேயே உண்மையைச் சொல்லிவிட்டாள். கேட்கத்தான் ஆள் இல்லை. உண்மை மறைந்திருந்ததற்குக் காரணம் அது இருட்டில் இருந்தது அல்ல. அது ஒரு பெண்ணின் வாயில் இருந்தது.

நவீன காலத்தில் குருவானவரைத் துப்பறிபவராக்கிப் புகழ்பெற்றவர் ஜி. கே. செஸ்டர்டன். அவருடைய ஃபாதர் பிரவுன் 1910-இல் முதன்முதலில் அச்சில் தோன்றினார். குட்டையான உருவம், வட்ட முகம், எப்போதும் ஒரு குடை. பார்ப்பவர்கள் அவரை உலகம் அறியாத அப்பாவி என்று எண்ணுவார்கள். ஆனால் பாவ அறிக்கைகளைக் கேட்டுக் கேட்டு மனித இருதயத்தின் ஆழத்தை அறிந்தவர் அவர். ஜான் ஓ'கானர் என்ற உண்மையான கத்தோலிக்கக் குருவே இந்தப் பாத்திரத்துக்குத் தூண்டுதல். குற்றவாளியை வெளியே நின்று ஆராயாமல், அதே பாவம் தன்னுள்ளும் முளைக்கக்கூடும் என்று உணர்ந்து பார்ப்பதே ஃபாதர் பிரவுனின் வழி. ஆயர் பணியும் அதுதானே?

அந்த நாள்களின் கதைகளில் பெண்களுக்கு என்ன இடம்? அகதா கிறிஸ்டி 1930-இல் எழுதிய நாவலில் கொலை நடப்பது ஆயர் இல்லத்தில். கதையைச் சொல்பவர் ஆயர். உண்மையைக் கண்டறிபவரோ பக்கத்து வீட்டு முதிய பெண்மணி மிஸ் மார்பிள். ஆலயத்தின் ஒவ்வொரு மூலையையும் அறிந்த பெண்கள் அந்தக் கதைகளில் நிறைய உண்டு. பலிபீடத்தின் அருகே நிற்பவர் மட்டும் ஆண்.

சேயர்ஸ் அம்மையாரும் ஒரு குருவானவரின் மகளே. அவர் ஆக்ஸ்போர்டில் 1915-இல் முதல் வகுப்பில் தேறினார். ஆனால் பெண் என்பதனால் பட்டத்துக்கு 1920 வரை காத்திருக்க நேர்ந்தது. பிற்காலத்தில் ஆழ்ந்த இறையியல் நூல்களை எழுதினார். பெண்களுக்குக் குருப்பட்டம் வழங்கும் யோசனையை எதிர்த்து எழுதுமாறு சி. எஸ். லூயிஸ் 1948-இல் அவரைக் கேட்டுக்கொண்டார். சேயர்ஸ் இணங்கவில்லை. வழக்கத்துக்கு மாறான அந்த மாற்றத்தை அவரும் விரும்பியவர் அல்லர். ஆயினும் அதைத் தடுப்பதற்கு உறுதியான இறையியல் காரணம் எதுவும் தமக்குத் தென்படவில்லை என்று நேர்மையாகச் சொன்னார். துப்பறியும் கதை எழுதியவரல்லவா? சாட்சியம் இல்லாத இடத்தில் தீர்ப்பு எழுத அவர் துணியவில்லை.

உண்மையில் அந்தக் கேள்விக்கு யுத்தகாலம் ஏற்கெனவே ஒரு பதில் சொல்லியிருந்தது. ஜப்பானிய ஆக்கிரமிப்பின் நாள்களில் மக்காவு தீவகற்பத்தில் அகதிகளால் நிறைந்த ஆங்கிலிக்கன் சபைக்குக் குருவானவர் யாரும் சென்று சேர இயலவில்லை. அங்கே ஊழியம் செய்துவந்தவர் ஃபிளாரன்ஸ் லீ டிம்-ஓய் என்ற சீனப் பெண்மணி. சபைக்குத் திருவிருந்து வேண்டும் என்பதற்காகப் பேராயர் ரொனால்ட் ஹால் 1944 ஜனவரி 25 அன்று அவருக்குக் குருப்பட்டம் வழங்கினார். ஆங்கிலிக்கன் உலகில் அவரே முதல் பெண் குரு. யுத்தம் முடிந்ததும் எதிர்ப்பு மூண்டது. தம் பேராயருக்குச் சங்கடம் நேராதபடி அவர் குருவாகப் பணியாற்றும் உரிமையைத் தாமாகவே விட்டுக்கொடுத்தார். குருத்துவத்தை அவர் மறுதலிக்கவில்லை. பல பத்தாண்டுகள் அந்த அம்மையார் மௌனமாகக் காத்திருந்தார்.

அமெரிக்காவின் எபிஸ்கோப்பல் சபையில் 1974 ஜூலை 29 அன்று பிலடெல்பியா நகரத்து ஆலயமொன்றில் உதவிகுருக்களாயிருந்த 11 பெண்கள் குருப்பட்டம் பெற்றார்கள். அது சபையின் அங்கீகாரம் இல்லாமல் நடந்தது. அந்த நாள் மார்த்தாள், மரியாளின் திருநாள் என்பது சிந்திக்கத்தக்கது. கொந்தளிப்புக்குப் பின் 1976-இல் அச்சபையின் பொது மாநாடு ஒப்புதல் தந்தது. 1977 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. கதாசிரியர்கள் தாமதிக்கவில்லை. இசபெல் ஹாலண்ட் 1984-இல் வெளியிட்ட நாவலில் நியூயார்க் நகரத்துப் பெண் குருவாகிய கிளேர் ஆல்டிங்டன் ஒரு கொலையின் மர்மத்தை எதிர்கொண்டார்.

இங்கிலாந்துத் திருச்சபை மெதுவாக நடந்தது. அங்கே பெண்கள் 1987 முதல் உதவிகுருக்கள் ஆக முடிந்தது; அதற்கு மேல் படி இல்லை. அந்த இடைக்காலத்தின் கதாநாயகிதான் டி. எம். கிரீன்வுட்டின் தியோடோரா பிரெய்த்வெயிட். 1991-இல் தொடங்கிய அந்த வரிசையில், பேராயத்தின் உள்கூத்துகளை எல்லாம் அறிந்தும் உதவிகுருவாகவே நிற்கிறவர் அவர்.

1992 நவம்பர் 11 அன்று பொதுச் சினாட் வாக்கெடுத்தது. பேராயர் அவையிலும் குருமார் அவையிலும் சபையார் அவையிலும் தனித்தனியே மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். பேராயர்கள் 39-க்கு 13; குருமார் 176-க்கு 74; சபையார் 169-க்கு 82. சபையார் அவையில் இரண்டு பேர் மாற்றி வாக்களித்திருந்தால் தீர்மானம் தோற்றிருக்கும். லீ டிம்-ஓய் அம்மையார் அதே ஆண்டு பிப்ரவரியில் கர்த்தருக்குள் நித்திரையடைந்திருந்தார். 1994 மார்ச் 12 அன்று பிரிஸ்டல் பேராலயத்தில் 32 பெண்கள் இங்கிலாந்துத் திருச்சபையின் முதல் பெண் குருக்களானார்கள்.

நான்கே ஆண்டுகளில், 1998-இல், ஃபில் ரிக்மன் தம் மெரிலி வாட்கின்ஸை நமக்கு அறிமுகப்படுத்தினார். கணவனை இழந்தவர், பதின்வயது மகள் ஒருத்தி, ஹியர்ஃபோர்டுஷயரின் ஒரு கிராமத்துக்குப் புதிதாக வந்த ஆயர். அடுத்த நாவலில் அவர் பேராயத்தின் பேயோட்டும் ஊழியத்துக்கு நியமிக்கப்படுகிறார். அந்தப் பொறுப்பில் இருந்த முதிய குருவோ, இது பெண்ணுக்குரிய வேலையல்ல என்று உறுதியாக நம்புகிறவர். நியமித்த பேராயருக்கும் அவருடைய ஆத்தும நலனைவிடத் தம் நவீனத் தோற்றமே பெரிது. ஒருவர் தள்ளுகிறார், ஒருவர் காட்சிக்கு நிறுத்துகிறார். அவர் பேசும்போது இருவருமே உண்மையில் கேட்பதில்லை. கேட் சார்ல்ஸ் 2005-இல் எழுதிய நாவலில், பெண் குருக்களை எதிர்த்துவந்த ஒரு குருவானவர் கொலையுண்டு கிடக்க, சந்தேகம் ஒரு பெண் குருவின்மேல் விழுகிறது. வாக்கெடுப்பு முடிந்து பல ஆண்டுகள் ஆனபின்னும் காயம் ஆறவில்லை என்பதற்கு இந்தக் கதைகள் சாட்சி.

எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்கரான ஜூலியா ஸ்பென்சர்-ஃபிளெமிங் 2002-இல் தொடங்கிய வரிசை. கதாநாயகி கிளேர் ஃபெர்குசன், முன்பு இராணுவத்தில் ஹெலிகாப்டர் ஓட்டியவர். வட நியூயார்க்கின் பனி மூடிய சிற்றூரில் அவருடைய முதல் குளிர்காலம். ஆலய வாசலில் யாரோ ஒரு பச்சிளங்குழந்தையை விட்டுச் சென்றிருக்கிறார்கள். அந்தக் குழந்தையின் தாய் யார் என்ற கேள்வியோடு கதை புறப்படுகிறது. இந்த நாவல்களின் தலைப்புகள் பெரும்பாலும் நம் பழைய ஞானப்பாடல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. கிளேர் பிழையற்றவர் அல்லர். அவசரக்காரர். மணமான காவல்துறைத் தலைவர்மேல் தம் மனம் சாய்வதை அறிந்து போராடுகிறவர். ஆசிரியர் அதை மறைக்கவும் இல்லை, மெழுகவும் இல்லை.

இந்தப் புத்தகங்களை எல்லாரும் வாசிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வன்முறை உண்டு; ரிக்மனின் கதைகளில் அந்தகார காரியங்கள் மிகுதி. வாசிப்பவர் நிதானித்து வாசிக்கட்டும். ஆனால் அவை ஒரு கேள்வியை நம்மிடம் விட்டுச் செல்கின்றன. ஆயர் ஞானஸ்நானத்திலும் திருமணத்திலும் மரண வீட்டிலும் மக்களோடு இருக்கிறவர். எல்லாக் கதவுகளும் அவருக்குத் திறக்கும். பெண் ஆயருக்கோ கதவு திறக்கிறது, காது மட்டும் திறப்பதில்லை. கதாசிரியர்கள் கண்டுகொண்ட இந்த முரண்பாட்டை நாம் கண்டோமா?

இங்கே நான் என் குற்றத்தை அறிக்கையிட வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு சேகரத்தில் ஒரு பெண் ஆயர் எனக்கு உதவியாக வந்தார். முதல் திருவிருந்து ஆராதனையில் நாங்கள் இருவரும் அப்பத்தை வழங்கினோம். அவர் பக்கம் முழங்காற்படியிட வேண்டிய சிலர் எழுந்து என் பக்கம் வந்தார்கள். நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். நான் ஒன்றும் பேசாமல் அவர்களுக்கு அப்பம் கொடுத்தேன். ஆராதனை முடிந்து அங்கியைக் கழற்றும்போது அவர், "ஐயா, நீங்கள் ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று நினைத்தேன்" என்றார். சபையின் சமாதானத்தைக் காக்கிறேன் என்று நான் சமாதானம் சொன்னேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. இன்றுவரை அந்த மௌனம் என் மனதில் இருக்கிறது. துப்பறியும் கதையில் உண்மை தெரிந்தும் வாய் திறக்காத சாட்சி ஒருவர் இருப்பார். அன்று அந்தச் சாட்சி நான்.

தென்னிந்தியத் திருச்சபையில் 2013-இல் ஈ. புஷ்பலலிதா அம்மையார் நந்தியால் பேராயத்தின் பேராயரானார். இங்கிலாந்துத் திருச்சபையின் முதல் பெண் பேராயர் லிபி லேன் அருட்பொழிவு பெற்றது 2015-இல். நாம் முந்திக்கொண்டோம் என்று மகிழலாம். ஆனால் சட்டம் கதவைத் திறக்கும். முழங்காற்படியிட எந்தப் பக்கம் போகிறோம் என்பதை நம் இருதயம்தான் தீர்மானிக்கிறது.

தியானப் பகுதிக்கு வருவோம். அதிகாலையில் கல்லறைக்குச் சென்றவர்கள் மகதலேனா மரியாளும் யோவன்னாளும் யாக்கோபின் தாயாகிய மரியாளும் மற்றப் பெண்களும். கல் புரட்டப்பட்டிருந்ததையும் சரீரம் இல்லாததையும் கண்டவர்கள் அவர்களே. திரும்பிவந்து உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். அப்போஸ்தலருக்கோ அது வீண்பேச்சாகவே தோன்றியது. உலக வரலாற்றின் மாபெரும் இரகசியத்துக்குரிய சாட்சியம் அவர்கள் முன் வைக்கப்பட்டது. சொன்னவர்கள் பெண்கள் என்பதால் அறையிலிருந்தவர்கள் அசையவில்லை. பேதுரு ஒருவன் எழுந்து ஓடினான். அவனும் முழுமையாக நம்பி ஓடவில்லை. ஆனாலும் போய்ப் பார்த்தான். அவ்வளவாவது நாம் செய்ய வேண்டாமா?

அன்பானவர்களே, இந்த வாரம் உங்கள் வீட்டில் நீங்கள் பாதியில் நிறுத்திவிடும் பேச்சு யாருடையது என்று எண்ணிப்பாருங்கள். மனைவியுடையதா, மருமகளுடையதா, சபைக் கூட்டத்தில் பின்வரிசையில் எழுந்து நின்ற சகோதரியுடையதா? அந்தப் பேச்சை ஒருமுறை முடிவுவரை கேளுங்கள். என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட தாயாரை நானும் இந்த வாரம் சந்திக்கப் போகிறேன். அன்று அவர் சொல்லாமல் விட்டது ஏதேனும் இருந்தால், அதைக் கேட்பதற்காக.

ஜெபம்: கல்லறை வாசலில் பெண்களைச் சாட்சிகளாக ஏற்படுத்தின ஆண்டவரே, உண்மையை அறிந்தும் மௌனமாயிருந்த எங்கள் பாவத்தை மன்னியும். கேட்கிற செவியையும், கேட்டதற்காக எழுந்து நிற்கிற தைரியத்தையும் எங்களுக்குத் தந்தருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம், பிதாவே. ஆமென்.