பருத்திக்காட்டில் எழுந்த முதியோர் ஊர்

அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகருக்கு வடமேற்கே, பருத்தி விளைந்த நிலத்தில், 1960 ஜனவரி 1 அன்று சன் சிட்டி திறக்கப்பட்டது. பார்வைக்கு வைத்தது ஐந்தே மாதிரி வீடுகள். முதல் மூன்று நாளில் வந்ததோ ஏறக்குறைய ஒரு லட்சம் பேர்! சாலையில் கார்கள் மைல்கணக்கில் நின்றன.

கட்டியவர் டெல் வெப். தச்சராகத் தொடங்கி, நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் பங்குதாரரானவர். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை அடைத்துவைத்த போஸ்டன் (Poston) முகாமைக் கட்டியதும் இவர் நிறுவனம்தான். விளம்பரத்தில் அதைச் சொல்வார்களா என்ன? வீடு விற்கும் முன்பே கோல்ஃப் மைதானம், கடைவீதி, பொழுதுபோக்கு மையம் எல்லாம் தயாராக இருந்தன. அதுதான் அவருடைய சாமர்த்தியம்.

முதியோருக்கான ஊர் என்பதால், பேரப்பிள்ளைகள் விருந்தாளியாக வரலாம், குடியிருக்க முடியாது.

பள்ளிப் பிள்ளைகள் இல்லாத ஊர் ஆகையால், உரசல் வந்தது பள்ளிச் செலவில். ஊர் அடங்கியிருந்த பியோரியா பள்ளி மாவட்டம் கட்டடங்களுக்குக் கடன்பத்திரம் வெளியிட வாக்கு கேட்டபோது சன் சிட்டிக்காரர்கள் பலமுறை திரண்டுபோய்த் தோற்கடித்தார்கள். ஊருக்கு வெளியே இருந்த பெற்றோருக்கு அது எப்படி இருந்திருக்கும்! கடைசியில் 1970களில் அந்த மாவட்டத்திலிருந்தே சன் சிட்டி பிரிக்கப்பட்டது.

இன்றும் இங்கே மேயர் கிடையாது, நகராட்சி கிடையாது. ரோந்து போவதும் தெருவோரக் குப்பையை அள்ளுவதும் தன்னார்வலர்களான முதியவர்களே.