தோரியனைட்டு

இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்தில், பலாங்கொடைப் பகுதியின் ஆற்றுச் சரளையில் முதன்முதலாக அறியப்பட்ட கதிரியக்கக் கனிமம். தோரியம் டைஆக்சைடே இதன் பெரும்பகுதி. யுரேனியமும் சீரியம் போன்ற அருமண் தனிமங்களும் கலந்திருக்கும். கதிரியக்கச் சிதைவில் பிறந்த ஹீலியம் வாயுவும் உள்ளே அடைபட்டிருக்கும்.

கண்டெடுத்தவர் ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்றறிஞராகவே நாம் போற்றும் அவர், அப்போது இலங்கைக் கனிம ஆய்வின் இயக்குநராக இருந்த நிலவியலாளர். அவருடைய இந்தப் பணி தமிழில் உரிய கவனம் பெறவில்லை.

இரத்தினக்கல் தோண்டுவோர் 'இல்லம' எனப்படும் சரளையைக் கூடையிலிட்டு நீரில் அரிப்பார்கள். மண்ணும் மணலும் நீரோடு போக, எடை மிகுந்த கனிமங்கள் அடியில் தங்கும். தோரியனைட்டும் அவற்றில் ஒன்று: நீரோட்டத்தில் முனை மழுங்கிய சிறு கருங்கனசதுரம், தண்ணீரைப்போல் 9 மடங்குக்கும் மேல் கனம். குமாரசுவாமி இதை முதலில் யுரேனினைட்டு எனக் கருதினார். 1904இல் வேதியியலாளர் விண்டம் டன்ஸ்டன் பகுத்தாய்ந்து, புதிய கனிமம் என உறுதிசெய்து பெயரிட்டார்.

1905இல் லண்டனில், வில்லியம் ராம்சேயின் ஆய்வகத்தில் வேதியியலாளர் ஓட்டோ ஹான் ரேடியோதோரியத்தைக் கண்டறிந்தது இலங்கைத் தோரியனைட்டிலிருந்து பெற்ற பொருளில்தான். அது இன்று தோரியம்-228 எனப்படுகிறது.