பஞ்சா: பைசெப்ஸை நம்பிக் கை ஒடிந்தவர்களும் மணிக்கட்டை நம்பி ஜெயித்தவர்களும்

டீக்கடை பெஞ்சிலும் ஹாஸ்டல் மேஜையிலும் நடக்கிற பஞ்சாவுக்கெல்லாம் வரலாறு இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. அது ஒரு பாரில்தான் தொடங்குகிறது.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே பெட்டலூமா என்று ஒரு சிறிய ஊர். ஒரு காலத்தில் கோழிமுட்டைக்குப் பேர்போன ஊர். நம்ம நாமக்கல் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஊர்ப் பத்திரிகையில் பத்தி எழுதிக்கொண்டிருந்தவர் பில் சோபரானஸ். 1952ல் உள்ளூர் பார் ஒன்றில் நடந்த கைபலப் போட்டிகளைப் பார்த்து, இதை முறையான போட்டியாக்கினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1962ல் அது உலக சாம்பியன்ஷிப் என்ற பெயரையே எடுத்துக்கொண்டது. (உலகத்தில் எத்தனை பேருக்கு அப்போது அது தெரியும் என்று யாரும் கேட்கவில்லை!)

1968ல் 'பீநட்ஸ்' சித்திரத் தொடரில் ஸ்னூப்பி என்ற நாய் பெட்டலூமா போட்டிக்குக் கிளம்பிப் போனது. கட்டைவிரல் இல்லை என்று தகுதியிழந்து திரும்பியது. அடுத்த ஆண்டே ஏபிசி தொலைக்காட்சி போட்டியை ஒளிபரப்பத் தொடங்கியது. ஒரு கார்ட்டூன் நாய் செய்த விளம்பரத்தை இன்றைக்கு எத்தனை கோடி கொடுத்தாலும் வாங்க முடியாது.

சரி, அந்தக் காலத்து வீரர்கள் எப்படிப் பயிற்சி செய்தார்கள்? பெரும்பாலும் பயிற்சி என்று தனியாக எதுவும் கிடையாது. விவசாயி, மரம் வெட்டுபவர், லாரி ஓட்டுநர், மெக்கானிக் என்று தொழிலே கையை உரமாக்கியவர்கள்தான் வந்தார்கள். 1970களின் இறுதியில் கலக்கிய கிளீவ் டீன் ஜார்ஜியா மாநிலத்தில் பன்றிப் பண்ணை வைத்திருந்தவர். ஆறரை அடிக்கு மேல் உயரம், எடை 200 கிலோ அளவில். இவர்களைப் பார்த்து ஆசைப்பட்டு வந்த புதியவர்கள் செய்ததுதான் தவறாகப் போனது. டம்பெல்லை எடுத்து பைசெப்ஸை ஊத வைத்துக்கொண்டு நேராக மேஜைக்கு வந்தார்கள்.

பஞ்சாவில் கை ஒடிவது என்பது பேச்சுக்குச் சொல்வதல்ல. எதிராளி முன்கையை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும்போது, நம்மவர் தோளையும் உடம்பையும் உள்பக்கம் திருப்பி மொத்த பலத்தையும் போடுவார். நடுவில் மாட்டிக்கொள்வது மேல்கை எலும்பு. ஈரத்துணியைப் பிழிவது போல அது முறுக்கப்படுகிறது. முழங்கைக்குச் சற்று மேலே, சுருள் வடிவில் உடைகிறது. அந்த எலும்பை ஒட்டியே ரேடியல் நரம்பு ஓடுவதால், சிலருக்கு மணிக்கட்டைத் தூக்கவே முடியாமல் போகும். பெரும்பாலும் மாதங்களில் சரியாகிவிடும், ஆனால் அந்த மாதங்களை நினைத்துப் பாருங்கள். 13 முதல் 16 வயதுப் பையன்களுக்கு வேறு ஆபத்து. முழங்கையின் உள்பக்க முனை இன்னும் முழு எலும்பாகி ஒட்டியிருக்காது, தசை இழுக்கும் வேகத்தில் அந்தத் துண்டே பிய்ந்து வந்துவிடும். பள்ளிக்கூட பெஞ்சில் விளையாட்டாகப் போடும் பஞ்சாவிலேயே இது நடக்கிறது.

இதனால்தான் நடுவர்கள், தோள் கையை முந்திக்கொண்டு போனால் உடனே எச்சரிக்கிறார்கள். புதியவனுக்கு முதலில் சொல்லித்தரப்படும் பாடமும் 'உன் கையைப் பார்' என்பதுதான். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு பல்லைக் கடிப்பது சினிமாவுக்கு நன்றாக இருக்கும், எலும்புக்கு ஆகாது.

சினிமா என்றதும் 1987ல் வந்த 'ஓவர் தி டாப்' படத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. சில்வெஸ்டர் ஸ்டாலோன் தொப்பியைத் திருப்பிப் போட்டால் பலம் வந்துவிடும்! படத்தையொட்டி 1986ல் லாஸ் வேகாஸில் நிஜமாகவே ஒரு போட்டி நடத்தினார்கள். அதில் லாரி ஓட்டுநர் பிரிவில் ஜெயித்தவர் அப்போது 22 வயதை ஒட்டியிருந்த ஜான் பிரசங்க். தொழில்முறையில் விமான மெக்கானிக்கான இவர், தன்னைவிட மிகப் பெரிய ஆட்களைப் பல ஆண்டுகள் சாய்த்துக்கொண்டே இருந்தார். ஜிம்மை விட மேஜையை நம்பியவர். படம் பயிற்சியைப் பற்றித் தப்பான எண்ணத்தைப் பரப்பியது என்றால், பிரசங்க் அதைத் திருத்தினார் என்று சொல்லலாம்.

அவர் கையில் என்ன இருந்தது? மணிக்கட்டு. பஞ்சாவில் கை ஒரு நெம்புகோல். மணிக்கட்டு பின்னால் மடிந்துவிட்டால் விரல்கள் திறந்துகொள்ளும், எதிராளி விரல் நுனியில் இழுப்பார், பிறகு பைசெப்ஸ் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பயனில்லை. 'டாப்ரோல்' என்ற உத்தி இதைத்தான் செய்கிறது: எதிராளியின் விரல்களின் மேல் ஏறி அவர் மணிக்கட்டைத் திறப்பது. அதற்கு எதிரான 'ஹூக்' உத்தியில் மணிக்கட்டை உள்ளே மடக்கி, உள்ளங்கையைத் தன் பக்கம் திருப்பி, எதிராளியைப் பக்கத்தில் இழுத்துக்கொள்வார்கள். இரண்டுக்கும் மூலதனம் ஒன்றுதான்.

பயிற்சி ஒரு படிப்பாக மாறியது சோவியத் யூனியன் உடைந்த பிறகு, கிழக்கு ஐரோப்பாவில் இந்த விளையாட்டு பரவியபோது. ரஷ்யா, உக்ரைன், ஜார்ஜியா நாட்டு வீரர்கள் கயிறு, கப்பி, பெல்ட் என்று மேஜையின் அசைவுகளைத் தனித்தனியாகப் பிரித்து எடை கட்டி இழுத்தார்கள். மணிக்கட்டை மடக்குவது ஒன்று, கட்டைவிரல் பக்கம் உயர்த்துவது ஒன்று, முன்கையை உள்நோக்கித் திருப்புவது ஒன்று. தடித்த பிடி மட்டும் அதைவிடப் பழையது. இங்கிலாந்தின் தாமஸ் இஞ்ச் என்ற பலசாலி 20ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே 172 பவுண்டு டம்பெல் ஒன்றை ஊர் ஊராகக் கொண்டுபோனார். பிடியே சுமார் 6 சென்டிமீட்டர் தடிமன். எடையை விட அந்தத் தடிமன்தான் சவால் விட்டவர்களைத் தோற்கடித்தது.

இந்த அனுபவங்களிலிருந்து இன்று ஒரு புதியவனுக்குச் சொல்லப்படுவது ஏறக்குறைய இதுதான். முதல் சில மாதங்கள் குறைந்த எடை, 15 முதல் 20 முறை. மணிக்கட்டுப் பயிற்சி, சுத்தியல் பிடியில் டம்பெல், கம்பியில் துண்டைப் போட்டுத் தொங்கி ஏறுவது, முதுகுக்கு இழுவைப் பயிற்சி. மேஜையில் வாரம் ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு. அதுவும் ஜெயிப்பதற்காக அல்ல, முக்கால் பலத்தில். காரணம் எளிது. தசை சில வாரங்களில் வளர்ந்துவிடும், ரத்த ஓட்டம் குறைந்த தசைநார் பல மாதம் எடுத்துக்கொள்ளும். தசை கொடுக்கும் காசோலையைத் தசைநார் கணக்கில் பணம் இல்லாமல் திருப்பி அனுப்பினால் எப்படி இருக்கும்? முழங்கை உள்பக்கம் வலிக்க ஆரம்பிப்பது அந்த நோட்டீஸ்தான்.

சாம்பியன்களுக்கும் இதில் விலக்கில்லை. 2008ல் பிரசங்கை வீழ்த்திய கனடாவின் டெவன் லாரட், பிற்பாடு முழங்கைகளில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு நீண்ட இடைவெளிக்குப் பிறகே திரும்பினார். 2022ல் துபாயில் ஜார்ஜியாவின் லெவான் சகினாஷ்விலியிடம் 6-0 என்று தோற்றார். லெவானின் முன்கையைப் புகைப்படத்தில் பார்த்தால் தொடை என்றுதான் தோன்றும். 1964ல் பிறந்த பிரசங்க் அந்த ஆண்டிலும் மேஜையில் நின்று இழுத்துக்கொண்டிருந்தார்.